மிளகுக்கொடி அட்டை

2003-இல் சனிக்கிழமைதோறும் கொல்லிமலையிலிருந்து பஸ்ஸில் சேந்தமங்கலம் வந்து, பாய் ஒருவர் நடத்திய பிரவுசிங் சென்டரில் சீட்டு விளையாடுவேன். வீரர்களும் விலங்குகளும் உள்ள அட்டைகளைச் சேர்த்து இணையத்தில் மோதவிடும் ஆட்டம் அது. தளத்தை ரசிகர்களே நடத்தினார்கள். நான் வாங்கி வைத்திருந்த அச்சு அட்டைகளையும் பாய் கடையில் ஸ்கேன் செய்து அதில் ஏற்றியிருந்தேன்.

ஆகஸ்டில் ஒரு நாள் படங்களெல்லாம் காணாமல் போயிருந்தன. படங்களின் உரிமை தங்களுடையது என்று அட்டைகளை அச்சிடும் நிறுவனம் எழுதியதாம். இனி அவரவர் வரைந்ததை ஏற்றலாம் என்று தளத்தில் அறிவித்திருந்தார்கள். என்ன கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டே, சில்வர் ஓக் மரத்தில் ஏறும் மிளகுக்கொடியை வரைந்து, வழக்கம்போல் மூலையில் தேதியிட்டு ஏற்றினேன்.

மூன்றாம் வாரம் முகம் தெரியாத ஒருவர் அதே கொடி அட்டையை ஆட்டத்தில் இறக்கி என்னைத் தோற்கடித்தார். வரைந்தவர் என்று கீழே தன் பெயரைப் போட்டிருந்தார். மூலையில் என் தேதி அப்படியே இருந்தது.

"பாய், இது நான் வரைஞ்சதுங்க! ஒரு வார்த்தை கேக்கலை பாருங்க. புகார் எழுதப் போறேன்."

பாய் சிரித்தார். "நல்லா எழுதுங்க. ஏனுங்க, நீங்க ஸ்கேன் பண்ணுனப்ப அட்டைக்கு அடியில இருந்த பேரெல்லாம் யாருதுங்க? படம் பெருசாத் தெரியோணும்னு வெட்டச் சொன்னீங்களே?"

அவை ஓவியர்களின் பெயர்கள். பொடி எழுத்தென்று நான் படித்ததே இல்லை.

புகாரை எழுதினேன். நான் ஓவியர்களின் பெயர்களை வெட்டச் சொன்னதையும் அதிலேயே ஒப்புக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை கொடியின் கீழ் என் பெயர் வந்திருந்தது. அதற்குள் என் அட்டைகளிலிருந்த ஓவியர்களின் பெயர்களை டைரியில் எழுதி முடித்திருந்தேன்.