சல்லடை அக்காவும் ஈரக் காற்றும்

ரொட்டித் துண்டைத் தேநீரில் முக்கி உயர்த்திப் பிடித்து, அது சொட்டுகிறதா என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார் சல்லடை அக்கா. சொட்டியதும் உதட்டைப் பிதுக்குகிறார். "வாங்கத் தெரியுது, வச்சுக்கத் தெரியல." தீர்ப்பை வழங்கிய பிறகே அதை வாயில் போட்டுக்கொள்கிறார்.

எங்கள் ஆய்வகத்தின் மூத்த வேதியியலாளர் அவர். அணு உலையில் பயன்பட்டு முடிந்த எரிபொருளை ஆலையில் அமிலத்தில் கரைக்கும்போது, கதிரியக்க அயோடின் ஆவியாகக் கிளம்பும். புகைபோக்கி வழியே தப்பினால், மூச்சோடும் பாலோடும் மனிதருக்குள் புகுந்து, கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் குடியேறிவிடும். அதை வழிமறிக்கும் நுண்துளை மணிகளை உருவாக்குவதே அக்காவின் வேலை. பட்டப்பெயரும் அவ்வழியே வந்தது. கடுகளவே இருக்கும் வெள்ளை மணிகள். ஒரு கரண்டி மணிகளின் துளைச் சுவர்களையெல்லாம் பிரித்து விரித்தால் ஒரு விளையாட்டு மைதானத்தையே மூடலாம்.

சோதனைக்கு நாங்கள் பயன்படுத்துவது கதிரியக்கமற்ற சாதாரண அயோடின். இரண்டும் பிடிபடும் விதம் ஒன்றே. ஊதா ஆவி பட்டதும் மணிகள் மஞ்சளாகி, பழுப்பாகி, இறுதியில் கருத்துவிடும். "சாப்பிட்டு முடிச்சதும் மூஞ்சி கறுத்துடுது பாரு. எங்க மாமனாரும் அப்படித்தான், நான் சமைச்சிருந்தா" என்பார் அக்கா.

அவருடைய கணவர் செருப்புக்கடை வைத்திருக்கிறார். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சுவதற்காக வைக்கப்படும் சிறு பொட்டலங்களை அக்கா ஒன்றுவிடாமல் பிரித்து, எடை பார்த்து, குணம் ஆராய்வார். "என் கடைல செருப்புக்கு முன்னாடி பொட்டலம்தான் தீருது" என்று கணவர் ஒருமுறை எங்களிடமே முறையிட்டார். "நல்லா உறிஞ்சுற பொட்டலத்தை நானே செஞ்சு தர்றேன், போங்க" என்று அக்கா சமாதானம் சொன்னார். மழைக்காலம் வந்தது, பொட்டலம் வரவில்லை, பூஞ்சை வந்தது.

மனிதர்களையும் அவர் இதே முறையில்தான் சோதிக்கிறார்: ஒரு ரகசியத்தை உள்ளே விட்டு, தங்குகிறதா கசிகிறதா என்று பார்ப்பார். கணக்காளரைத் தனியே அழைத்து, இயக்குநரின் மூக்குக்கண்ணாடி வெறும் கண்ணாடிதான், பார்வைக்கானது அல்ல என்று கிசுகிசுத்தார். உணவு இடைவேளையில் ஓட்டுநர் பதறியபடி வந்து, இயக்குநருக்கு ஒரு கண் போய்விட்டதாக அக்காவிடமே சொன்னார். "காலைல வெறும் கண்ணாடியா உள்ள விட்டேன், மதியம் கண்ணே வெளிய வந்துடுச்சு" என்று அக்கா வியந்தார். கிடங்குக் காப்பாளரிடம் சொன்ன ரகசியமோ வாரக்கணக்கில் வெளிவரவே இல்லை. மகிழ்ந்துபோய்ப் பாராட்டச் சென்றபோதுதான், அவர் அன்று காதில் இயர்போன் மாட்டிப் பாட்டுக் கேட்டபடி தலையை மட்டும் ஆட்டியிருந்தது தெரிந்தது. "உள்ளயே போகலியே. இது பிடிமானம் இல்லப்பா, அடைச்ச துளை."

சென்ற மாதம் மதிப்பீட்டுக் குழு வருவதாக அறிவிப்பு வந்தது. உலர்ந்த காற்றில் அக்காவின் மணிகள், ஆலைகளில் வழக்கமாகப் பயன்படும் விலையுயர்ந்த வெள்ளி ஏற்றிய மணிகளையே தோற்கடித்திருந்தன. நீராவி கலந்த காற்றிலோ, பிடித்த அயோடினில் பாதியைக் கக்கிவிட்டன. நீராவி இல்லாத ஆலைப் புகை கிடையாது. குழு ஒப்புக்கொண்டால் மணிகள் நேரே ஆலையின் வடிகட்டிக்குள் போய்விடும். மறுத்தால் அக்கா ஆண்டுக்கணக்கில் கட்டி வளர்த்த எங்கள் பிரிவு கலைக்கப்படும்.

இயக்குநர் எங்கள் மேசைக்கே வந்தார். "ஏம்மா, உலர்ந்த காத்து முடிவை மட்டும் காட்டு. ஈரத்தைப் பத்தி நாமளா வாயைத் திறக்க வேணாம்."

"அவங்களா கேட்டா சார்?"

"கேட்டா சொல்லு. கேட்டா மட்டும்."

"சரிங்க சார்."

அக்கா அத்தனை பணிவாகத் தலையாட்டி நான் பார்த்ததில்லை. இயக்குநர் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

குழு வந்தது. அக்கா வரைபடங்களைக் காட்டினார், குழுவினர் தலையசைத்தார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். இயக்குநர் நன்றி சொல்லவே தொடங்கிவிட்டார். ஈரத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் சோதனைக் கண்ணாடிக் கூண்டுக்குள், கருத்த மணிகள் நிறைந்த குழாயின் அருகே, தேநீர் அறையின் மின்கெட்டில் அமர்ந்திருந்தது. அதன் மூக்கிலிருந்து ஒரு ரப்பர் குழாய் மணிகளை நோக்கிப் போயிற்று.

எழுந்துகொண்ட குழுத்தலைவி அங்கேயே நின்றார். "என்னம்மா, டீ இங்கயேவா போடுறீங்க?"

"இல்லீங்க மேடம். அதைப் பத்தி நானாப் பேசக் கூடாது."

"யாராவது கேட்டா?"

"கேட்டா தாராளமாப் பேசலாம்."

தலைவி இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் கூரையைப் பார்த்தார். தலைவி நாற்காலியை மீண்டும் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, கேக்குறேன். நீராவி பட்டா இந்த மணி, பிடிச்சதை விட்டுடுமா?"

அக்கா திரும்பி, "சார், கேட்டுட்டாங்க" என்று மரியாதையாகத் தெரிவித்தார். பிறகு கூண்டின் கண்ணாடிக் கதவை இறக்கிவிட்டு, கெட்டிலின் சுவிட்சைத் தட்டினார்.