லிஃப்டுக்குப் பக்கத்து நத்தை

அம்மாவை அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்த்த டிசம்பர் விடுமுறையில் அப்பா அங்கேயே கதியென்று கிடந்தார். நான் அத்தையின் தலையில் விழுந்தேன். ஷென்டன் வேயில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் அத்தைக்குப் பாதுகாவலர் வேலை. மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி, செம்பவாங்கிலிருந்து தினமும் ரயிலில் என்னையும் அழைத்துப்போனார்.

அம்மா எப்போது வருவாள் என்று கேட்டுக் கேட்டு அத்தையின் உயிரை வாங்கினேன். இரண்டாம் நாள், தூணுக்கு அப்பால் லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டினார். பளபளத்த கல்லுக்குள் என் உள்ளங்கை அளவுக்குச் சுருள் சுருளாக ஒரு நத்தை.

“உயிரோடதான் இருக்கு. ஆளுங்க பாத்தா வெக்கப்பட்டு நடக்காது. பத்து வெரல் தூரம் நடந்துச்சுன்னா உங்கம்மா வந்துருவாங்க லா,” என்றபடி அதன் முதுகை ஒட்டி ஒரு மஞ்சள் ஸ்டிக்கரைப் பதித்தார்.

காலையில் என்னை மேசையில் ஒரு கோப்பை மைலோவோடு உட்காரவைத்துவிட்டு அத்தை ஒரு சுற்றுப் போய்வருவார். பிறகு நான் அளப்பேன். மறுநாள் ஸ்டிக்கருக்கும் நத்தைக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தது. அதற்கடுத்த நாள் இரண்டு. ஏழு வயது விஞ்ஞானிக்கு வேறென்ன சான்று வேண்டும்?

ஏழு விரல் ஆகியிருந்தது. எட்டை எதிர்பார்த்துப் போன காலையில் இரண்டு விரல்தான் நுழைந்தது. நத்தை திரும்பி வந்துவிட்டது! எனக்கு வந்த கோபத்தில் சுவரை ஓங்கி அடித்தேன்.

“அடிக்காதடி. எதையோ மறந்துட்டுப் போயிடுச்சாம். எடுத்துக்கிட்டு மறுபடி நடக்கும்,” என்றார் அத்தை.

நடந்தது. பத்தாவது விரல் நுழைந்த அன்று மாலை, பாதியாக இளைத்த அம்மா எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

அது நத்தையே இல்லை, அம்மோனைட், என்றோ பூண்டோடு அழிந்துபோன கடலுயிர், இங்கே சோத்தோங் என்கிற கணவாய்க்குச் சொந்தம் என்றெல்லாம் வளர்ந்த பிறகு படித்தேன். போன மாதம் அத்தையிடம் சொன்னேன்.

“சோத்தோங் சொந்தமா? தெரிஞ்சிருந்தா இன்னும் வேகமா நடக்க வச்சிருப்பேனே லா!”

சிரித்து முடித்ததும், அது திரும்பி வந்த நாளைப் பற்றிக் கேட்டேன். முந்தின மாலைதான், இன்னொரு முறை அறுவை செய்ய வேண்டும், பிழைப்பது உறுதியில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தாராம். ஸ்டிக்கரைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே ஒட்டுவதென்று தெரியாமல் அத்தை அந்தச் சுவர் முன் நின்றுகொண்டே இருந்தாராம்.

எனக்கும் அந்தக் காலை நினைவிருக்கிறது. மைலோ தீர்ந்துவிட்டது, அளக்க வரலாமா என்று நான் மேசையிலிருந்து கத்திக்கொண்டிருந்தேன். தூணுக்கு அப்பாலிருந்து “இருடி” என்று மட்டும் குரல் வந்தது. அது ஏன் அத்தையின் குரல் மாதிரியே இல்லை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.