எல்லோருக்கும் சொன்ன அழைப்பு

இங்கே சாப்பிட வருபவர் பரிமாறுபவரை ‘பாஸ்’ என்கிறார். பரிமாறுபவரும் சாப்பிட வருபவரை ‘பாஸ்’ என்கிறார். சுபாங் ஜெயாவில் எங்கள் கல்லூரிக்கு எதிரே உள்ள மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம்கள் நடத்தும் உணவகத்தில், முதல் வாரம் முழுவதும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைக்கு உண்மையான முதலாளி யார் என்பது மட்டும் பிடிபடவில்லை. விருதுநகரில் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அங்கே ஒருவரின் பதவியைத் தவறாகப் போட்டால் மறுநாள் திருத்தம் வெளியிட வேண்டும். அந்த வேலையை விட்டு, மற்றவர்கள் படிப்பை முடிக்கிற வயதில் கடல்கடந்து வந்து இங்கே முதலாண்டு மாணவியாகச் சேர்ந்தேன்.

யாரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த வகுப்பில், கிள்ளானிலிருந்து ரயிலில் வந்துபோகும் தர்ஷினிதான் முதலில் வந்தாள். “இந்த சீட்டுல ஆள் இருக்கா? இல்லன்னா நான்தான் ஆள்” என்று சொல்லிப் பையை வைத்தாள். அவளோடு பிரவீனும் சேர்ந்தான். பந்திங்கிலிருந்து செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைத் தோட்டங்களைக் கடந்து மோட்டார் சைக்கிளில் வருபவன். என் வயதைக் கேட்டதும் என்னை ‘அக்கா’ ஆக்கிவிட்டான். மூவரும் ஒரே ஒப்படைப்பைச் செய்தோம், ஒரே மேசையில் சாப்பிட்டோம். நான் ‘பேருந்து’ என்றால் தர்ஷினி சிரிப்பாள், அவள் ‘பாசார்’ என்றால் நான் விழிப்பேன். சந்தையைத்தான் மலாயில் சொல்கிறாள் என்று பிறகு புரியும். ஊரைவிட்டு வந்த பிறகு எனக்குக் கிடைத்த நட்பு இந்த இரண்டு பேர்தான்.

தீபாவளிக்கு முந்தைய வாரம், வகுப்பு முழுவதும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் தர்ஷினி எழுதினாள்: “எங்க வீட்டுல ஓப்பன் ஹவுஸ். எல்லாரும் வந்துடுங்க. பசியோட வாங்க.” பண்டிகையன்று வீட்டைத் திறந்துவைத்து, வருகிற எல்லோருக்கும் சாப்பாடு போடுவதை இங்கே அப்படிச் சொல்கிறார்கள். நான் அதை ஓர் அறிவிப்பாகவே படித்தேன். எங்கள் பக்கம் விசேஷத்துக்கு அழைக்க வேண்டுமென்றால் ஒருவர் நேரில் வரவேண்டும். உட்கார்ந்து, குங்குமம் கொடுத்து, ‘குடும்பத்தோட வந்துடணும்’ என்று வாயால் சொல்லவேண்டும். பத்திரிகையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனால் அது அழைப்பில் சேராது. அப்படிப்பட்ட கல்யாணத்துக்குப் போகாதவரை யாரும் குறை சொல்லமாட்டார்கள், போனவரைத்தான் கேலி செய்வார்கள். அதுவும் தீபாவளியன்று இன்னொருவர் வீட்டில் போய் இலைபோட்டுச் சாப்பிடுவது எங்களுக்குப் பழக்கமே இல்லை, பலகாரம்தான் வீடு மாறும். தர்ஷினி என்னிடம் தனியாகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். புது உடையைப் பற்றிப் பேசினாள், தம்பியின் சேட்டையைப் பற்றிப் பேசினாள். வா என்று சொல்லவில்லை.

தீபாவளியன்று, தமிழர் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதிக்குத் தனியாகப் போனேன். பூக்கடைகளைப் பார்த்தபடி நடந்து, வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குழுவில் படங்கள் வரத் தொடங்கின. பிரவீன் கறித்தட்டோடு நின்றான். வகுப்புத் தோழி ஐ லிங், தர்ஷினியின் புடவையைக் கட்டிக்கொண்டிருந்தாள். படத்தின் கீழே ‘எங்க தெரு போஸ்ட்மேன்’ என்று எழுதியிருந்த மலாய்க்காரர்கூட நாற்காலியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். என்னைத் தவிர எல்லோரும் இருந்தார்கள்.

விடுமுறை முடிந்து வந்த தர்ஷினி இரண்டு வரிசை முன்னால் போய் உட்கார்ந்தாள். கோபமா என்று கேட்டேன். “இல்ல லா, ஓகே” என்று இந்த ஊர் ‘லா’ போட்டுச் சொன்னாள். ஒரு வாரம் அப்படியே போனது. பிறகு மாமாக் கடையில் பிரவீனைப் பிடித்துக் கேட்டேன்.

“அவங்கம்மா சாயங்காலம் வரைக்கும் ஆட்டுக் கறிய தனியா எடுத்து வெச்சிருந்தாங்க, அக்கா. ஊர்லேர்ந்து வந்த பொண்ணு, தீவாளியும் அதுவுமா ஒத்தையா இருக்கும்னு. நீங்கதான் வரல.”

“என்னை யாரும் கூப்பிடலையே.”

அவன் தேநீரைக் கலக்குவதை நிறுத்தினான். “குரூப்ல போட்டாளே.”

“அது எல்லாருக்கும் போட்டது.”

“நீங்க எல்லார்ல இல்லையா?”

நான் குழுவைத் திறந்து அவள் எழுதியதை மறுபடி படித்தேன். அவனே சொன்னான்: “இந்தியாலேர்ந்து வர்ற ஊர்க்காரங்க நம்மகூடல்லாம் உக்காந்து சாப்பிடமாட்டாங்கன்னு நெனச்சிட்டா. அவ தாத்தா காலத்துலேர்ந்து கேக்குற பேச்சுதானே இது.”

இந்தப் பேச்சை நானும் ஊரில் கேட்டிருக்கிறேன், மறுபக்கத்திலிருந்து. கூலிக்குக் கப்பலேறியவர்கள் என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுகிற பேச்சு. யாரோ எப்போதோ பேசியது எங்கள் இரண்டு இருக்கைகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொமூட்டர் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன். முன்கூட்டிச் சொல்லவில்லை. அழையாத வீட்டு மணியை அழுத்துவதற்கு நான் எடுத்துக்கொண்ட நேரத்தை எதிர்வீட்டு நாய் முழுவதுமாகப் பார்த்தது. தர்ஷினிதான் திறந்தாள்.

“தீபாவளிக்கு வந்திருக்கேன்” என்றேன்.

“ரொம்ப லேட்டு. முறுக்கு நமத்துப்போச்சு.”

உள்ளிருந்து அவள் அம்மா குரல் கொடுத்தார்: “நமத்தா என்ன, பல்லுக்கு நல்லது. உள்ள வா மா.”

சாப்பிட்டுக்கொண்டே எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். தர்ஷினி முதலில் நம்பவில்லை. அவள் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஒவ்வொரு வீடா போய்க் கூப்ட்டா எங்க தீவாளி பொங்கலுக்குத்தான் வரும்.” பிறகு சிரிப்பு அடங்கி, “வீட்ட தொறந்து வெச்சாலே கூப்ட்டதுதான் மா” என்றார்.

தர்ஷினி இதை எளிதில் விடவில்லை. தம்பி பிறந்தநாளுக்கு முன்பு விடுதி அறைக்கே வந்தாள். கையில் தட்டு, அதில் குங்குமச்சிமிழ், இரண்டு வாழைப்பழம், ஒரு மேகி பாக்கெட். உட்கார்ந்தால்தான் சொல்வேன் என்று கட்டிலில் சம்மணம் போட்டாள். “குடும்பத்தோட வந்துடணும். குடும்பம் இல்லன்னா ரூம்மேட்டோட.” அறைத்தோழி இந்தோனேசியாக்காரி. நெற்றியில் குங்குமத்தோடு எதற்கென்று தெரியாமல் தலையாட்டினாள்.

பொங்கலுக்கு என் அறையில் ஓப்பன் ஹவுஸ் வைத்தேன். குழுவில் எழுதினேன். எழுதிய பிறகும் மனம் ஒப்பவில்லை. அதே தளத்தில் தெரிந்தவர்களின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டி, வந்துவிட வேண்டும் என்று நேரிலும் சொன்னேன். பலருக்கு அது வேடிக்கையாக இருந்தது. அன்று ரைஸ் குக்கரில் பொங்கல் பொங்கியதும், கதவை நாற்காலியால் முட்டுக்கொடுத்துத் திறந்துவைத்தேன். வருபவர்களை வரவேற்க வாசலில் நின்றேன்.

“என்னக்கா, ஜாகா வேலையா?” என்று பிரவீன் கேட்டான். இங்கே காவல்காரருக்கு அதுதான் பெயர். “உள்ள வாங்க. வர்றவங்க தானா வருவாங்க.”

உள்ளே எல்லோரும் தாங்களே அள்ளிப்போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கதவைத் தட்டாத, பெயர்கூடத் தெரியாத ஒருத்தி எனக்குத் தலையசைத்துவிட்டுப் போய் ஒரு தட்டை எடுத்துக்கொண்டாள். நல்லது என்றுதான் தோன்றியது. ஆனாலும் நான் உள்ளே போகவில்லை. ஒரு கால் அறைக்குள்ளும் ஒரு கால் நடைபாதையிலுமாக நின்று, லிஃப்ட் திறக்கும்போதெல்லாம், வருவது யாரென்று தெரியும் முன்பே, ‘வாங்க, வாங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.