எதிரில் நிற்பவரின் வசனம்

நகரியில் பவர்லூம் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசி வளர்ந்த கோதண்டபாணிக்கு மேடையில் மைக் தேவைப்பட்டதே இல்லை. தமிழிலும் தெலுங்கிலும் நடித்தார், நாடகங்களை இயக்கினார், பிறகு திருப்பதியில் வாடகைக்கு ஒரு ஹால் பிடித்து நடிப்புச் சொல்லிக்கொடுத்தார். இருபது வருடமாக அவருடைய முதல் பாடம் மாறவே இல்லை. "எதிர்ல நிக்கறவன் பேசறத காதால கேளு. கேக்காதவன் நடிகனே இல்ல." அப்படிக் கேட்காத பிள்ளைகளை வெளியே துரத்திவிடுவார். இரண்டாவது பாடம், யாராவது ஒருவரை ஆறு மாதம் கவனித்து அப்படியே நடித்துக் காட்ட வேண்டும்.

அவருக்கு அறுபது நிறைந்ததற்குச் சித்தூரில் பாராட்டு விழா எடுத்தார்கள். மாணவி பிரித்திகா மேடையேறி, "நான் கவனிச்சது எங்க சாரைத்தான்" என்று கும்பிட்டாள். முன்வரிசையில் கோதண்டபாணிக்குப் பெருமை பிடிபடவில்லை.

இன்னொரு பெண் உருக்கமாக வசனம் பேச, பிரித்திகா எதிரில் நின்றாள். அவள் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் வசனத்தை வரிக்கு வரி முணுமுணுத்துக்கொண்டே, தன் முறை எப்போது வரும் என்று துடித்துக்கொண்டிருந்தாள். அரங்கமே சிரித்தது.

கோதண்டபாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பது வருடம் கூட நடித்த சலீம் பக்கத்தில் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் இப்படியாடா நிப்பேன்?"

"இன்னாபா, இன்னிக்குத்தான் தெரியுதா? என் டயலாக் பூராவும் நீ முணுமுணுத்துக்கினுதானே இருப்பே!"

"பாவி, அப்பவே ஏண்டா சொல்லல?"

சலீம் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"எத்தினி தபா சொன்னேன். நீ எங்கபா கேட்டே?"