பங்குச் சம்பல்

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில்தான் அது முதலில் வந்தது. கூடையை இறக்கியதும் பிடரி விண்ணென்று தெறித்தது, கண்முன் பூச்சி பறந்தது. வெயில் என்று நினைத்துத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி மலைக்குப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்துக் கால் வீங்கியது. கொஸ்லந்தவில் பஸ் ஏறிக் கிளினிக்குக்குப் போனேன். பிரஷர், சீனி, இரத்தக் கொழுப்பு மூன்றும் ஏறியிருந்தன. சிறுநீரில் புரதம் (உடம்பிலேயே தங்க வேண்டிய சத்து) கசிந்தது. எனக்கு வயது நாற்பத்து மூன்று.

"பிரஷர் இறங்காட்டி கிட்னி போயிடும்மா. உப்பைக் குறைங்க," என்றார் டொக்டர்.

குறைத்தேன். முதல் வாயிலேயே என் கணவர் முகத்தைச் சுளித்தார். "என்ன புள்ள இது, சப்புன்னு இருக்கு?" அவர் தட்டருகே உப்புப் போத்தலை ணங்கென்று வைத்தேன். கறியிலும் ரொட்டி மாவிலும் ஒரு கல் உப்பு இல்லை. மாத்திரையும் தவறவில்லை.

அடுத்த மாதமும் பிரஷர் அப்படியே. அதற்கடுத்த மாதம் கசிவு கூடியிருந்தது. "உண்மையைச் சொல்லுங்கம்மா," என்றார் டொக்டர். சாமி சத்தியம் என்றேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

வெளியே முணுமுணுத்துக்கொண்டிருந்த என்னைத் தாதி ஒருவர் நிறுத்தினார். "வீட்டுக் கதைய விடுங்க. நேத்து மத்தியானம் மலையில என்ன சாப்பிட்டீங்க?"

"என் ரொட்டிதாங்க மிஸ்."

"தொட்டுக்க?"

எங்கள் மலையில் பத்துப் பெண்களும் வட்டமாக உட்கார்ந்து பெட்டிகளைத் திறந்து நடுவில் வைப்போம். புஷ்பத்தின் உப்புக் கரிக்கும் மாசிச் சம்பல், சரோஜாவின் பொரித்த கருவாடு, யாராவது கொண்டுவரும் ஊறுகாய். ஒருத்தி கொண்டுவந்ததை வேண்டாம் என்றால் அவளையே வேண்டாம் என்றதாகிவிடும். நான் சமைக்காததை நான் சாப்பிட்டதாகவே நினைத்ததில்லை. வீட்டில் உப்பில்லாமல் காய்ந்த நாக்கு, மலையில் இரண்டு மடங்கு தொட்டிருக்கிறது. உங்கள் கையிலும் கிளினிக் கொப்பி இருந்தால், வீட்டுச் சட்டியை மட்டும் பார்க்காதீர்கள்.

மறுநாள் நடுவில் இருந்ததைத் தொடவில்லை.

"பெரிய தொரசாணி ஆயிட்டா," என்றாள் புஷ்பம். காரணம் சொன்னேன். "நாங்கல்லாம் தின்னுட்டுச் செத்தா போனோம்?" பதினாறு வருஷம் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவள் அவள். அன்றிலிருந்து தனியே உட்கார்ந்தேன். நோயைவிட அதுதான் வலித்தது.

மூன்று மாதத்தில் பிரஷர் இறங்கியது. கசிவு அதே அளவில் நிற்கிறது. "போனது திரும்பாதும்மா, இருக்கிறதக் காப்பாத்துங்க," என்றார் டொக்டர். ஏமாந்துபோன அந்த இரண்டு மாதத்தை யாரிடம் போய்க் கேட்பது?

முன்பு என் உடம்பைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது எத்தனை கிலோ பறிக்கும் என்பதுதான். இப்போது எழுந்ததும் நீர் கோத்திருக்கிறதா என்று கணுக்காலை விரலால் அழுத்திப் பார்க்கிறேன். குழி விழாவிட்டால் அந்த நாள் எனக்கு.

போன வாரம் புஷ்பம் தன் பெட்டியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். அழுத்தினேன். விழுந்த குழி எழும்பவே நேரம் எடுத்தது.

"நாளைக்கே கிளினிக் போவோம்," என்றேன்.

"கொழுந்து நெறஞ்சு கெடக்குடி. அடுத்த மாசம் பாப்போம்."

"மாசமா?" என்று நான் போட்ட சத்தத்தில் கங்காணியே திரும்பிப் பார்த்தார்.