எம்.ஏ. தத்துவமும் தேவராஜ் நிலத்துப் புளியமரமும்

சுப்பிரமணி மகள் பூங்கோதை தத்துவம் படித்தது ஆசைப்பட்டு அல்ல. 2017-இல் சென்னைக் கல்லூரி ஒன்றுக்கு அவள் போட்ட விண்ணப்பத்தில் முதலில் வரலாறு, அடுத்து பொருளியல். இரண்டும் நிரம்பிவிட்டன. தத்துவத்தில் முப்பது இடங்களில் இருபது காலி. விடுதி கிடைக்கும் என்றார்கள்; சேர்ந்துவிட்டாள். வகுப்பில் பதினொரு பேர், எம்.ஏ. வரை போனவர்கள் ஆறு பேர். அவர்களில் இருவர் இன்சூரன்ஸ் விற்கிறார்கள். ஒருவர் கலெக்டர் பரீட்சையை ஐந்தாம் முறையாக எழுதுகிறார். ஒருவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஒருவர் சாமியாராகப் போய் எட்டாம் மாதம் திரும்பிவிட்டார். மடத்தில் சிக்னல் இல்லையாம். ஆறாவது ஆள்தான் பூங்கோதை.

2022 ஜூனில் அவள் மலைமேல் இருக்கும் சொந்த ஊரான காவலூரில் பஸ்ஸைவிட்டு இறங்கினாள். என்ன படிப்பு என்று வீட்டில் யாருக்கும் பிடிபடவில்லை. மறுநாளே சுப்பிரமணி அவளை ஊரில் இருக்கும் வான் ஆய்வகத்தின் வாசலுக்கு அழைத்துப் போனார்.

“இன்னா படிச்சிருக்கு?” என்றார் காவலாளி.

“மேல பாத்துக்கினு யோசிக்கிற படிப்பு சார். உங்களுக்கு அதானே வோணும்?” என்றார் சுப்பிரமணி.

காவலாளி அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். தத்துவத்தால் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த முதல் வருமானம் அந்த இரண்டு டீ.

அதன்பின் இருபத்துமூன்று விண்ணப்பங்கள், நான்கு நேர்காணல்கள். நடுவே ஆறு மாதம் திருப்பூர் பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டினாள். கண் எரிச்சல்தான் மிச்சம். 2025 மே மாதம், மலைப் பெண்கள் சேர்ந்து நடத்தும், சாமையும் புளியும் வாங்கி விற்கும் கம்பெனிக்கு மேனேஜர் தேவை என்று அறிவிப்பு வந்தது. பி.காம். படித்தவர்களுக்கு முன்னுரிமை. இதுவும் கிடைக்காவிட்டால் ஜூன் இரண்டாம் தேதி மறுபடி திருப்பூர். சுப்பிரமணி பஸ்ஸில் இடம் சொல்லி வைத்துவிட்டார்.

மே 14, புதன்கிழமை. பத்தரைக்கு என்றிருந்த நேர்காணல் கம்பெனிக் கிடங்கில் பதினொன்று பத்துக்குத் தொடங்கியது. வந்தவர்கள் இருவர்: பூங்கோதை, கலசப்பாக்கத்திலிருந்து ரமேஷ், பி.காம். தலைவி மங்கம்மாள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்.

“இந்தப் படிப்பால இன்னா பிரயோஜனம்?” என்று பூங்கோதையிடம் கேட்டார்.

“இதுவரிக்கும் ஒண்ணும் இல்ல அத்த.”

உறுப்பினர் ரேணுகாதேவி சிரித்ததில் தம்ளர் கவிழ்ந்தது. அதே நேரம் கிடங்கு வாசலில் கூச்சல் எழுந்தது. ஒரே மரத்துப் புளி ஐந்து மூட்டை வந்து இறங்கியிருந்தது. யார் பெயரில் ரசீது போடுவது என்று சின்னராசுவும் தேவராஜும் மல்லுக்கு நின்றார்கள்.

மலையில் நிலம் ஒருவருக்கும் அதில் நிற்கும் புளியமரம் இன்னொருவருக்கும் சொந்தமாக இருப்பது உண்டு. இங்கே நிலம் தேவராஜுடையது, மரம் சின்னராசுவுடையது. 2015 நவம்பர் மழையில் மரம் சாய்ந்தது. நின்றுபோன அடிக்கட்டை துளிர்த்து, ஒன்பது வருடத்தில் மறுபடி மரமாகி, இந்த வருடம்தான் நன்றாகக் காய்த்தது. அவன் மரம் அன்றைக்கே செத்தது, இது என் மண்ணில் முளைத்த புது மரம் என்றார் தேவராஜ். அதே வேர், அதே மரம் என்றார் சின்னராசு. தேவராஜ் மங்கம்மாளின் கணவர். அதனால் தலைவி வாயைத் திறக்கவில்லை.

“வந்த ரெண்டு பேராண்டயும் இதையே கேட்டுப் பாக்கலாமே” என்றார் ரேணுகாதேவி.

ரமேஷ் கால்குலேட்டரை எடுத்தான். “ஆளுக்குப் பாதி போட்ருலாங்க. ரெண்டரை மூட்டை.”

“எம் மரத்த பாதியா அறுக்கச் சொல்றியா?” என்று சின்னராசு பாய்ந்தார். “எம் மண்ண பாதியா வெட்டுவியா?” என்று தேவராஜும் பாய்ந்தார். காலையிலிருந்து இருவரும் ஒத்துப்போனது இந்த ஓர் இடத்தில்தான்.

பூங்கோதை வெளியே வந்தாள். “மாமா, மரம் சாஞ்சப்புறம் அங்க இன்னா வெதச்சீங்க?”

“சாமை” என்றார் தேவராஜ்.

“கட்டை மேலயுமா?”

“கட்டை மேல எவன் வெதப்பான்? சுத்திதான் ஏர் ஓட்டுவேன்.”

“ஒம்பது வருசமாவா? தோண்டிப் போட்டிருந்தா இன்னும் ரெண்டு சால் ஓடியிருக்குமே?”

“நல்லா கீதே கத! அவன் மரத்த நான் எப்டி தோண்றது?”

கிடங்கு வாசலில் மூட்டை தூக்குபவர்கள் முதல் ரமேஷ் வரை எல்லோரும் சிரித்தார்கள். தேவராஜுக்கு மட்டும் தான் என்ன சொன்னோம் என்று விளங்க அரை நிமிடம் ஆனது. விளங்கியதும் துண்டை உதறித் தோளில் போட்டார். ரசீது சின்னராசு பெயரில் எழுதப்பட்டது.

“இவளையா வேலைக்கு வெக்கப் போற?” என்று தேவராஜ் மனைவியைக் கேட்டார். “பி.காம். கூட இல்ல!”

மங்கம்மாள் பதிவேட்டில் பூங்கோதையின் பெயரை எழுதிக்கொண்டே சொன்னார்: “உன்னாண்ட முப்பத்தோரு வருசமா கத்திக் கத்திப் பாக்குறேன், ஒரு தபா கூட ஒத்துக்கினதில்ல. இவ நாலு கேள்விதான் கேட்டா. நீயா ஒத்துக்கின. ஏம்மா பூங்கோத, ஜூன் ரெண்டாந்தேதி எட்டரைக்கு வந்துடு. அதுக்கு முன்னாடி ஒரு நாள் எங்க வூட்டுக்கு வா. இத எப்டி கேக்கறதுன்னு எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடு.”