நூற்றில் இருபத்திரண்டு

என் தங்கையின் ரத்தத்தை நான்தான் எடுத்தேன். எண்பதுகளின் தொடக்கம். பெரம்பலூரில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் எனக்கு லேப் வேலை. லேப் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பின்பக்கத்து அறை, ஒரு மைக்ராஸ்கோப், ஜன்னல் வெளிச்சம், சாயப் பாட்டில்கள், நான். அவ்வளவுதான்.

ரத்தத்தை ஸ்லைடில் தேய்த்துச் சாயம் ஏற்றி, வெள்ளை அணுக்களில் நூறு எண்ணி, எந்த வகை எத்தனை என்று எழுத வேண்டும். அதில் ஈசினோபில் என்று ஒரு வகை. உடம்பெல்லாம் ஆரஞ்சுப் பொடி அப்பிக்கொண்டு, பார்க்க அழகாகவே இருக்கும். நூற்றுக்கு நாலைந்து இருந்தால் சரி. தங்கைக்கு இருபத்திரண்டு இருந்தது. மறுபடி எண்ணினேன், மாறவில்லை. என் எண்ணிக்கை தப்பாது என்று எனக்கு அப்போது கொஞ்சம் கர்வம் உண்டு.

எங்கள் பக்கத்தில் அந்த எண்ணைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். வெறுங்காலோடு வயலில் நிற்பவர்களுக்குக் கொக்கிப்புழுவால் அது ஏறும். யானைக்கால் கிருமியாலும் ஏறும், கூடவே இருமலும் இளைப்பும் வரும். மூன்று வாரம் மாத்திரை தின்றால் இறங்கிவிடும். அதனால் மூச்சு இரைக்கிற எல்லோருமே தமக்கு 'ஈஸ்னோபீலியா' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில் ஆஸ்துமா என்ற பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

தங்கை அந்த மூன்று வாரத்தையும் ஏற்கெனவே முடித்திருந்தாள். இளைப்பு அதற்குக் கேட்கவில்லை. டாக்டர் என்னிடம் மறைக்காமல் சொன்னார்: "இது ஆஸ்துமாம்மா. இவளுக்குப் புழுவும் இல்ல, கிருமியும் இல்ல. பஞ்சுத் தூசி பட்டா இழுக்குது. இந்த அணுவுக்குப் புழுவக் கொல்றதுதான் வேலை. இவ உடம்பு தூசியப் புழுன்னு நெனச்சு, அந்த அணுங்கள நுரையீரலுக்கு அனுப்புது. புழுவுக்கு வச்சிருக்கற விஷத்த அங்க மூச்சுக்குழாய் மேலயே கொட்டுதுங்க. மூச்சு மாத்திரைய நிறுத்த வேணாம். பஞ்சு பக்கம் போக வேணாம்."

அந்த ஆனியில்தான் அரியலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம், பையனும் தங்கமானவன். ஆனால் பருத்தி விவசாயம். பெண்ணுக்கு இளைப்பு என்று யாரோ காதில் போட்டிருக்க, ரத்தம் பார்த்த சீட்டு வேண்டும் என்றார்கள்.

அப்பா லேபுக்கே வந்துவிட்டார். "பொய்யா எழுதச் சொல்றேன்? ரத்தத்துல என்ன இருக்கோ அதத்தானே எழுதச் சொல்றேன்" என்றார். எண்ணை எழுதினேன். கீழே 'ஈஸ்னோபீலியா' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். டாக்டர் கையெழுத்து போடும் இடத்தைக் காலியாக விட்டேன். யாரும் அதைக் கவனிக்கவில்லை. சீட்டைப் பார்த்த பையனின் அம்மா சிரித்துவிட்டார். "இதுதானா? எங்க வூட்லயே ரெண்டு பேருக்கு இருந்துச்சு. மாத்திரை குடுத்தா சரியாப் போயிடும்" என்றார். ஆவணியில் கல்யாணம் முடிந்தது.

தை பிறந்ததும் பருத்தி எடுப்பு. விலை ஏறட்டும் என்று அந்தப் பக்கத்தில் பருத்தியை வீட்டுக்குள்ளேயே குவித்து வைப்பார்கள். மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது கூடத்தில் பாதி அளவுக்குப் பருத்தி. பக்கத்து அறையில் தங்கை இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான்கு வார்த்தை பேசினால் நடுவில் ஒரு தடவை நிறுத்த வேண்டியிருந்தது.

"மூச்சு மாத்திரை எங்கடி?"

"அதப் பாத்தா தெரிஞ்சிடும்க்கா. தூக்கிப் போட்டுட்டேன்."

மாமியார் தன் கையாலேயே யானைக்கால் மாத்திரையை மூன்று வேளையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வேலை எதுவும் சொல்லவில்லை, கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருந்தார். கொடுமைக்காரியாக இருந்திருந்தால் சண்டை போட்டாவது தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

"நான் சொல்லிடறேன்."

"வேணாம்க்கா. ஏமாத்திக் கட்டிக் குடுத்துட்டாங்கன்னு அப்பாவத்தான் பேசுவாங்க. கோர்ஸ் முடிய இன்னும் நாலு நாளுதான். அப்புறம் வந்து கூட்டிட்டுப் போ."

நான் ஒத்துக்கொண்டேன். அந்த மாத்திரை அவளுக்கு ஒன்றும் செய்யாது என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் பஸ் ஏறினேன். இத்தனை வருஷமாக அதற்கு ஒரு காரணம் தேடிப் பார்க்கிறேன். பயம் என்பதைத் தவிர வேறு எதுவும் அகப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே அவள் போய்விட்டாள்.

காரியம் முடிந்த அன்று பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அழுதழுது குரல் கட்டிப்போயிருந்தது.

"ஏம்மா, நீ படிச்சவ. ஒரு வேளை கூட வுடாமத்தான் குடுத்தேன். கடைசியா காலையில குடுத்தப்ப முழுங்க முடியாம துப்பிட்டா. நான்தான் திரும்ப ஒண்ணு எடுத்து வாயில போட்டேன். அதிகமாப் போயிடுச்சா? என்னாலதான் செத்துட்டாளா?"

அப்பா நாலடி தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க, நீங்க சரியாத்தான் குடுத்தீங்க" என்றேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னாத்தான் எனக்கு மனசு ஆறுது" என்றார்.